யெஸ்: பழைய சத்தமும் செயல்படாத கணக்கும்

ஐம்பது வருடம் தாண்டிய ராக் குழு ஒன்று புது ஆல்பம் போட்டால், விளம்பரத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘மீண்டும் அந்தப் பொற்காலச் சத்தம்!’ விமர்சனம் எழுதுகிறவர்கள் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டு எழுதுவார்கள். ரசிகர்களும் “ஆகா, பழையபடி வந்துட்டாங்கய்யா” என்று ஒரு வாரம் கொண்டாடிவிட்டு, அடுத்த வாரம் 1972-ல் வந்த ஆல்பத்தையே திரும்பவும் போட்டுக் கேட்பார்கள்.

இந்தக் கூத்தை யெஸ் என்ற ஆங்கிலேய ப்ராக்ரெசிவ் ராக் குழுவை வைத்துக் கொஞ்சம் யோசிக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சத்தத்துக்குத் திரும்புவதில் தப்பே கிடையாது. ஆனால் அந்தச் சத்தம் பழைய கருவியிலும் பழைய பெயரிலும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. அதற்குப் பின்னால் இருந்த உழைப்பில் இருக்கிறது. உழைப்பு இருந்தால் புது ஆள் வாசித்தாலும் வரும். இல்லையென்றால் ஒரிஜினல் ஆட்களே வந்து உட்கார்ந்தாலும் வராது.

யெஸ்ஸைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1968-ல் லண்டனில் ஜான் ஆண்டர்சன் என்ற பாடகரும் கிறிஸ் ஸ்க்வையர் என்ற பேஸ் கிடார்காரரும் முன்னின்று ஆரம்பித்த குழு. ட்ரம்ஸ் பில் ப்ரூஃபோர்ட். 1970-ல் கிடாருக்கு ஸ்டீவ் ஹவ் வந்தார், 1971-ல் கீபோர்டுக்கு ரிக் வேக்மேன். இந்த ஐந்து பேர் சேர்ந்து போட்டவைதான் ‘ஃப்ராஜைல்’ (1971), ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ (1972) என்ற இரண்டு ஆல்பங்கள். இரண்டாவதின் தலைப்புப் பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான். ராகம் தானம் பல்லவி கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பழகியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு இது வேறு மாதிரி சாப்பாடு.

ஒரே ஒரு முறை கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சியில் பி.காம். படிக்கும்போது ஹாஸ்டல் சீனியர் ஒருவர் 90 நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’, இன்னொரு பக்கம் ‘ஃப்ராஜைல்’. முதல் தடவை கேட்டபோது டேப் சிக்கிக்கொண்டதோ என்று வாக்மேனைத் திறந்து பார்த்தேன். அந்த அளவுக்கு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆரம்பம் அது. நாலாவது தடவையில் பிடிபட்டது. இன்றுவரை விடவில்லை. சுற்றியது போதும்.

இப்போதைய பசங்களுக்கும் யெஸ் அந்நியம் இல்லை. 2012-ல் வந்த ‘ஜோஜோஸ் பிஸார் அட்வெஞ்சர்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முடிவு இசையாக ‘ரவுண்டபவுட்’ பாட்டைப் போட்டார்கள். அதன் கிடார் ஆரம்பம் அப்புறம் இணையம் முழுக்கக் கிண்டல் வீடியோக்களில் சுற்றியது. பத்தாவது படிக்கும் என் பையன் அந்தத் துண்டைக் கேட்டுவிட்டு, “அப்பா, இந்த மீம் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். 1971-ல் வந்தது என்று சொன்னால் நம்பவில்லை.

இந்தக் குழுவுக்கு நம் நாட்டோடு ஒரு நிஜமான தொடர்பும் உண்டு. ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ எழுதத் தூண்டியது ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் என்று ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். 1973 மார்ச்சில் ப்ரூஃபோர்டின் கல்யாண விருந்தில், கிங் கிரிம்சன் குழுவின் ஜேமி ம்யூர், பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதை’யைப் பற்றி அவரிடம் சொன்னார். டோக்கியோவில் ஹோட்டல் அறையில் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நாலு வகை. அந்த அடிக்குறிப்பை வைத்து, வகைக்கு ஒன்றாக நாலு பாட்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம். அப்படி 1973-ன் கடைசியில் வந்த இரட்டை ஆல்பம்தான் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’. புத்தகத்தின் பாதியைப் படிக்காமலேயே விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிற உலகத்தில், அடிக்குறிப்பைப் படித்துவிட்டு 80 நிமிட ஆல்பம் போட்டவரை நான் மதிக்கிறேன் :-)

நான் இப்போது வேலை பார்க்கும் ராஞ்சியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே யோகானந்தரின் யோகதா சத்சங்க ஆசிரமம் இருக்கிறது. 1918-ல் அவர் பள்ளிக்கூடத்தை இங்கே கொண்டுவந்தார். அவர் உட்கார்ந்து பாடம் சொன்ன லிச்சி மரத்தை இப்போதும் காட்டுவார்கள். அந்த மதில் ஓரமாக நடக்கும்போதெல்லாம் எனக்கு ஹவ்வின் கிடார் ஞாபகம் வரும். (தங்கமணிக்கு இது தெரிந்தால் ஆசிரமத்துக்குப் பக்தியோடு போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மதிப்பு போய்விடும்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘டேல்ஸ்’ ஆல்பம் வேக்மேனுக்குப் பிடிக்கவில்லை. 1974-ல் குழுவை விட்டுப் போய்விட்டார். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், ‘பொற்காலம்’ என்று நாம் இன்று சொல்லும் 1971 முதல் 1973 வரையான மூன்று வருடத்தில் அவர்கள் எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. ஒரு ஆல்பம் ஜெயித்தால் அடுத்ததில் அதை அப்படியே போட்டிருக்கலாம். போடவில்லை. ‘க்ளோஸ் டு த எட்ஜ்’ பதிவின்போது துண்டு துண்டாக வாசித்து, டேப்பை வெட்டி ஒட்டி, பொறியாளர் எடி ஆஃபர்டோடு சேர்ந்து அந்த 18 நிமிடத்தைக் கட்டினார்கள். பைப் ஆர்கன் வேண்டும் என்று லண்டன் செயின்ட் கைல்ஸ் க்ரிப்பிள்கேட் தேவாலயத்துக்குப் போய் அதைப் பதிவு செய்தார்கள். இந்த இழுபறி ஒத்துவராமல் ப்ரூஃபோர்ட் ஆல்பம் முடிந்த கையோடு கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் ஒயிட்டுக்கு, மேடை ஏறுவதற்குள் அத்தனை பாட்டையும் கற்றுக்கொள்ளக் கிடைத்தது மூன்று நாள்! எங்கே போய் முடியும் என்று தெரியாமல் போனவர்கள் உண்டாக்கிய சத்தம் அது. பின்னால் வந்தவர்கள் வழி தெரிந்துகொண்டு அங்கே போகப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1983-ல் ட்ரெவர் ரேபின் என்ற கிடார்காரரோடு யெஸ் முழுசாகச் சட்டையை மாற்றிக்கொண்டது. ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ 1984 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தக் குழு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் தொட்ட ஒரே பாட்டு அதுதான். பழைய ரசிகர்கள் ‘வித்துட்டாங்க’ என்று புலம்பினார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் உடன்பாடு இல்லை. அதுவும் ஒரு புது முயற்சிதான்.

முதல் பெரிய ‘திரும்புதல்’ 1996-ல் நடந்தது. ஆண்டர்சன், ஸ்க்வையர், ஹவ், வேக்மேன், ஒயிட் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்து, கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சின்ன ஊரின் தியேட்டரில் மூன்று நாள் கச்சேரி செய்தார்கள். அந்தக் கச்சேரிகளோடு புதுப் பாட்டுகளையும் சேர்த்து ‘கீஸ் டு அசென்ஷன்’ என்று 1996-லும் 1997-லும் இரண்டு தொகுப்பு வந்தன. இரண்டாவதில் உள்ள ‘மைண்ட் ட்ரைவ்’ 18 நிமிடம். உண்மையிலேயே நல்ல பாட்டு. ஆனால் தொகுப்பு வருவதற்குள்ளேயே வேக்மேன் மறுபடி கிளம்பிவிட்டார். அதாவது ஆட்கள் சேர்ந்தார்கள், சத்தமும் கிடைத்தது, சேர்ந்து உட்கார்ந்து அதை வளர்க்க யாருக்கும் நேரமில்லை. பெரிய முதலீடு போட்டு ஆரம்பித்த யூனிட்டை ஒர்க்கிங் கேபிடல் இல்லாமல் மூடின கதை.

அடுத்தது 2008. ஆண்டர்சனுக்குக் கடுமையான மூச்சுக் கோளாறு. அவர் இல்லாமலே குழு மேடைக்குப் போக முடிவு செய்தது. பாடகராக வந்தவர் பெனுவா டேவிட் என்ற கனடாக்காரர். யெஸ் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் ஓர் அஞ்சலிக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். யூட்யூபில் அவரைப் பார்த்துவிட்டு ஸ்க்வையர் கூப்பிட்டார். 2012-ல் அவருக்குப் பிறகு வந்த ஜான் டேவிசனும் யெஸ் அஞ்சலிக் குழுவில் பாடினவர்தான். ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ‘ஆண்டர்சன் இல்லாமல் யெஸ்ஸா?’ என்று ஒரு கட்சி. ‘பாட்டு உயிரோடு இருந்தால் போதாதா?’ என்று இன்னொரு கட்சி. 2015-ல் ஸ்க்வையர் காலமானார். அதுவரை வந்த எல்லா யெஸ் ஆல்பத்திலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான். 2022-ல் ஆலன் ஒயிட்டும் போய்ச் சேர்ந்தார்.

பெயரைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் ஸ்டீவ் ஹவ். அவர் தயாரிப்பில் ‘தி க்வெஸ்ட்’ 2021-லும் ‘மிரர் டு த ஸ்கை’ 2023-லும் வந்தன. இரண்டாவதின் தலைப்புப் பாட்டு கிட்டத்தட்ட 14 நிமிடம். ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, ஹவ்வின் கிடார் இன்னும் மணி மாதிரி ஒலிக்கிறது, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. மரியாதையான ஆல்பங்கள். ஆனால் எனக்கு அதில் யாரும் யாரையும் முந்தப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு அவரவர் முறை வந்ததும் வாசிக்கிறார்கள். பழைய யெஸ்ஸில் யாரும் டோக்கன் வாங்கினதில்லை.

அப்புறம் 2024 ஆகஸ்டில் ‘ட்ரூ’ வந்தது. யெஸ் என்ற பெயர் அட்டையில் இல்லை. ‘ஜான் ஆண்டர்சன் அண்ட் த பேண்ட் கீக்ஸ்’. இந்த பேண்ட் கீக்ஸ் யார் என்றால், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவில் வாசிக்கும் ரிச்சி கஸ்டெலானோவும் அவர் சேக்காளிகளும். யெஸ் உள்பட பழைய பாட்டுகளைச் சுருதி சுத்தமாக வாசித்து யூட்யூபில் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆண்டர்சன் அவர்களைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டு, 2023-ல் பழைய நெடும்பாட்டுகளோடு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போனார். அதற்கு அப்புறம்தான் புது ஆல்பம். வந்தபோது அவருக்கு 80 வயது ஆக இரண்டு மாதம் பாக்கி. அதில் ‘ஒன்ஸ் அப்பான் எ ட்ரீம்’ 16 நிமிடம். கேட்டுப் பாருங்கள். பேஸ் கிடார் ஸ்க்வையர் மாதிரியே உறுமுகிறது என்பது முதல் தடவை தெரியும். இரண்டாவது தடவை கேட்கும்போது வேறொன்று தெரியும். இவர்கள் காப்பி அடிக்கவில்லை. ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டு அதில் சொந்தமாகப் பேசுகிறார்கள்.

என் உத்தியோகத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் தானாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் அது ‘செயல்படாத கணக்கு’. “சார், வட்டி ஏறிக்கிட்டேதான இருக்கு, அப்புறம் எப்படி செத்த கணக்கு?” என்று கவுன்டரில் வந்து சண்டை போடுவார்கள். வட்டி ஏறும், உண்மைதான். ஆனால் அது வங்கி தானாகப் போடும் வரவு. ரிசர்வ் வங்கி விதிப்படி அது பரிவர்த்தனைக் கணக்கில் சேராது. நீங்களாக நூறு ரூபாய் போடவோ எடுக்கவோ வேண்டும். கிடந்தது கிடக்கட்டும் என்று பத்து வருடம் விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். மறுபடி கேட்டு வாங்கலாம், ஆனால் கே.ஒய்.சி. எல்லாம் புதுசாகக் கொடுத்து நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

பழைய குழுக்களின் ரீமாஸ்டர், ஐம்பதாவது வருடப் பெட்டி, பழைய ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும் டூர், எல்லாமே வட்டி வரவு. இருப்பு ஏறும், கணக்கு செயல்படாது. புதுசாக ஒரு 16 நிமிடப் பாட்டைக் கட்டி, தப்பாகப் போனாலும் போகட்டும் என்று வெளியே விடுவதுதான் பரிவர்த்தனை. 79 வயதில் ஆண்டர்சன் புது கே.ஒய்.சி. கொடுத்தார். பெயர்ப்பலகை இல்லாமலே ‘நான்தான்’ என்று நிரூபித்தார்.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ‘பேண்ட் கீக்ஸ் ஆட்களுக்கு 1972 ஒரு பாடப்புத்தகம். ஆண்டர்சனுக்கும் ஹவ்வுக்கும் அது வாழ்க்கை. பாடப்புத்தகம் படித்தவன் எழுதுவது எப்படி அசலாகும்?’ என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் இதே கேள்வியை ஆலன் ஒயிட்டிடமும் கேட்டிருக்க வேண்டும். மூன்று நாளில் அடுத்தவர் பாட்டை மனப்பாடம் செய்து வந்தவர்தான் அவரும். அப்புறம் ஐம்பது வருடம் அவர்தான் யெஸ்ஸின் ட்ரம்மர். கற்றுக்கொண்டு உள்ளே வருவது குறுக்குவழி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

இது வெறும் வெள்ளைக்காரர் சங்கதியாக எனக்குப் படாததற்குக் காரணம், ஊரை விட்டு வந்து கிடக்கிற நமக்கும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான். போன பொங்கல் விழா ஒத்திகையில் எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு சின்ன உரசல். இங்கேயே பிறந்து வளர்ந்த பசங்க நாலைந்து பேர் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடிப் பழகினார்கள். பெரியவர் ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை. “ழகரம் வராதவங்க மேடையில பாடுறதுக்கு, நாமளே கரோகியில பழைய பாட்டு நாலு பாடிட்டுப் போயிடலாமே” என்றார். அவர் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. முப்பது வருடமாக அந்த விழாவை விடாமல் நடத்தியவர். ஆனால் நாம் கரோகியில் வருடா வருடம் பாடுகிற அந்த நாலு பாட்டு வட்டி வரவு. பசங்க தட்டுத் தடுமாறிப் பாடினது பரிவர்த்தனை.

அதற்காக ‘குழந்தைங்கதானே, எப்படிப் பாடினால் என்ன’ என்று விடவும் நான் தயாரில்லை. அதுவும் ஒரு வகை அலட்சியம். யெஸ் பாட்டுக்குள் பெனுவா டேவிட்டும் கஸ்டெலானோவும் நுழைந்தது யாரோ பாவம் பார்த்ததால் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் உட்கார்ந்து கற்றார்கள். நம் பசங்களுக்கும் ழகரத்தை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நம் சீரியலை, நம் கிரிக்கெட்டை விட வேண்டும். அப்புறம் அவர்கள் அந்தத் தமிழில் என்ன புதுசாகச் செய்கிறார்கள் என்பதை வாயை மூடிக்கொண்டு கேட்கவும் வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தமிழ் என்று பட்டா போட்டுக் கொடுத்துவிட்டால், நம் வீட்டில் அது நம்மோடு முடிந்துவிடும். கரோகிப் பாட்டு மட்டும் மிஞ்சும்.

பாட்டு எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு இது. முதலில் ‘ரவுண்டபவுட்’. எட்டரை நிமிடம்தான், பசங்களையும் கூட உட்கார வைக்கலாம். பிடித்தால் ‘க்ளோஸ் டு த எட்ஜ்’. முதல் மூன்று நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அப்புறம் வழி விடும். அதற்கு அப்புறம் ‘மைண்ட் ட்ரைவ்’, கடைசியில் ‘ஒன்ஸ் அப்பான் எ ட்ரீம்’. இந்த வரிசையில் கேட்டால் 1971-லிருந்து 2024 வரை ஒரே சத்தம் எப்படிப் போய், தொலைந்து, வேறு கைகளில் திரும்பி வந்தது என்று காதுக்கே தெரியும். ‘டேல்ஸ்’ ஆல்பத்தை மட்டும் நீண்ட ரயில் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராஞ்சியிலிருந்து ஊருக்குப் போகிற தூரத்துக்குப் பல தடவை கேட்கலாம்.

ஹவ் அணியா, ஆண்டர்சன் அணியா என்று கேட்டால் நான் இந்தத் தடவை ஆண்டர்சன் பக்கம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம், திட்டலாம். ஆனால் 16 நிமிடத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.